ரெனே கொத்தியின் புகைப்படம்

கெய்ரோவில் ஒரு பிரெஞ்சு உளவாளி, தன்னிடம் வேலை பார்க்கும் எகிப்தியர் ஒருவருக்கு அன்பளிப்பு கொடுக்கிறான். பணம் இல்லை, பொருளும் இல்லை. கோட்டுப் பையிலிருந்து அவன் எடுத்து நீட்டுவது ஒரு சின்னப் புகைப்படம். பிரான்சின் குடியரசுத் தலைவர் ரெனே கொத்தி. இவர்தான் எங்கள் தலைவர், பெரிய மனிதர், வரலாற்றில் இடம்பிடிக்கப் போகிறவர் என்று விளக்கம் வேறு. கொச்சின் சீனாக்காரர்களை அவருக்குப் பிடிக்கும், மடகாஸ்கர்காரர்களைப் பிடிக்கும், மொராக்கோக்காரர்களையும் செனகல்காரர்களையும் பிடிக்கும், ஆகவே உன்னையும் பிடிக்கும், வைத்துக்கொள், அதிர்ஷ்டம் வரும் என்கிறான். வாங்கியவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமின்மையை கேமரா ஒரு நொடி கூடுதலாகக் காட்டுகிறது. தியேட்டர் வெடித்துச் சிரிக்க அது போதும்.

இந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது தியேட்டரில் இல்லை. 2015இல், புதுச்சேரியில், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீட்டுக் கூடத்தில், என் லேப்டாப்பில். பக்கத்தில் ஈஸி சேரில் தாத்தா. எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஜெனரல் த கோல். தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்தச் சொல் புரியாமல் போகலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பிரெஞ்சுக் குடியுரிமையோடும் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

கொத்தியின் படம் திரையில் வந்ததும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த ஆளா! எங்க கசேர்ன்ல இதே படத்ததான் மாட்டி வெச்சிருந்தாங்க பாப்பா."

கசேர்ன் என்றால் படைமுகாம். அப்புறம் ஒரு நிமிஷம் விட்டு, "நம்ம பேர அவன் சொல்லவே இல்லையே" என்றார். பாண்டிச்சேரிக்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது அவருக்கு நிஜமாகவே குறையாகப் பட்டது.

படத்தின் பெயர் 'ஓஎஸ்எஸ் 117: கெய்ரோ, உளவாளிகளின் கூடு'. 2006இல் வந்தது. இயக்கம் மிஷேல் ஹசனாவிசியூஸ், உளவாளியாக ழான் துஜார்தான். மூன்று வருடம் கழித்து, 2009இல், அதே இயக்குநரும் அதே நடிகரும் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ரியோவிலிருந்து பதில் இல்லை' என்று வரும். அதற்கும் பிறகு இதே கூட்டணி 'தி ஆர்டிஸ்ட்' எடுத்து ஆஸ்கார்களை அள்ளியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஆஸ்கார் படத்தைவிட இந்த இரண்டு கோமாளிப் படங்கள்தான் முக்கியம். பிரான்ஸ் தன் கடந்தகாலத்தை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது, எதை ஞாபகம் வைத்துக்கொள்ள மறுக்கிறது என்பதைப் பற்றிப் பல தடித்த புத்தகங்களைவிட இவை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன.

ஓஎஸ்எஸ் 117 புதிதாகப் பிறந்த பாத்திரம் இல்லை. ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் 1949இல் இந்த உளவாளியை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தார். ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் வந்ததே 1953இல். அதாவது மூன்று இலக்க உளவாளியில் பிரெஞ்சுக்காரன்தான் சீனியர். யூபேர் போனிசேர் த லா பாத் என்று நீளமாகப் பெயர் வைத்துக்கொண்ட அந்த ஆள் நாவல்களில் பிரெஞ்சு வம்சாவளி அமெரிக்கன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவனை வைத்துச் சீரியஸாகவே படங்கள் எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் வாங்கிப் படிக்கும் சரக்கு. நம் ஊர் மாத நாவல் மாதிரி. ஹசனாவிசியூஸ் செய்த முதல் காரியம், அமெரிக்கனை முழுப் பிரெஞ்சுக்காரனாக மாற்றியது. இரண்டாவது காரியம், அவன் மூளையை எடுத்துவிட்டது. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார். கோட், புருவத்தைத் தூக்கும் பாணி, பெண்கள், துப்பாக்கி எல்லாம் பழைய படங்களின் மரியாதையோடு அப்படியே இருக்கும். கார் ஓட்டும்போது பின்னால் திரையில் சாலை ஓடும் அந்தக் காலத்து உத்திகூட உண்டு. பழைய நாயகன் நம்பிய விஷயங்களையே இவனும் நம்புகிறான், ஆனால் சத்தமாகச் சொல்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் படம் நடப்பது 1955இல். இந்த வருடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தால் படத்தின் பாதி விளங்கிவிடும். 1954 மே மாதம் தியன் பியன் பூ விழுந்தது, இந்தோசீனா போயிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேருவோம் என்றார்கள். நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரியின் நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1, 1954 அன்றுதான் அல்ஜீரியாவில் குண்டுகள் வெடித்து விடுதலைப் போர் தொடங்கியது. ஒரே நாளில் ஒரு மூலையில் கொடி அமைதியாக இறங்குகிறது, இன்னொரு மூலையில் எட்டு வருட ரத்தம் ஆரம்பமாகிறது. எங்கள் வீட்டில் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றி நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் போரில் இருந்தவர் என்றபோதும்.

ஆக 1955 என்பது, மாளிகையின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சரியும்போது உள்ளே ஒருவன் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கும் வருடம். யூபேர் அந்த ஆள். கெய்ரோவில் அவன் போர்வை கோழி வியாபாரம். விளக்கைப் போட்டால் கோழிகள் கூச்சலிடும், அணைத்தால் அடங்கிவிடும். அவன் குழந்தை மாதிரி ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். தன் செயலாளர் லார்மினாவோடு (பெரெனிஸ் பெஜோ) சூயஸ் கால்வாயைப் பார்க்கப் போகிறான். இத்தனை பெரிய கப்பல் போக நாலாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே வெட்டி வைத்தார்களே என்று பழைய எகிப்தியர்களை மெச்சுகிறான். லார்மினா பொறுமையாகத் திருத்துகிறாள்: வெட்டி 86 வருடம் ஆகிறது, வெட்டியவர் உங்கள் லெசெப்ஸ். தன் நாட்டின் பெருமையைக்கூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. அடுத்த வருடம் ஜூலை 26 அன்று நாசர் அந்தக் கால்வாயை நாட்டுடைமை ஆக்கப்போகிறார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து படையெடுத்து, அமெரிக்காவும் சோவியத்தும் முறைக்க, ஒரு வாரத்தில் நிற்கப்போகின்றன. பார்க்கும் நமக்கு இது தெரியும், அவனுக்குத் தெரியாது. படத்தின் ஒவ்வொரு நகைச்சுவையும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

படம் வந்த நேரமும் சும்மா இல்லை. 2005 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கடல் கடந்த நாடுகளில், முக்கியமாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு இருப்பு ஆற்றிய 'நல்ல பங்கை' பள்ளிப் பாடங்கள் அங்கீகரிக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. வரலாற்று ஆசிரியர்கள் கொதித்தார்கள். அந்த வருட அக்டோபரில் பாரிஸ் புறநகரில் போலீசுக்குப் பயந்து ஓடி மின்நிலையத்தில் ஒளிந்த இரண்டு பையன்கள் இறந்தார்கள். புறநகர்கள் வாரக்கணக்கில் எரிந்தன. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1955 ஏப்ரல் 3 தேதியிட்ட சட்டத்தின் கீழ். அல்ஜீரியாவை அடக்குவதற்காக, நம் கொத்தி தலைவராக இருந்தபோது இயற்றியது. அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மீது அதே சட்டம், ஐம்பது வருடம் கழித்து. 'நல்ல பங்கு' பிரிவை 2006 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். ஏப்ரலில் யூபேர் தியேட்டருக்கு வந்தான், பையில் கொத்தியின் புகைப்படங்களோடு.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பாங்குக் காட்சி வேறு மாதிரி தெரியும். விடியற்காலையில் பாங்கு சத்தம் கேட்டு யூபேருக்குத் தூக்கம் கெடுகிறது. நேராக மேலே ஏறிப்போய், பாங்கு சொல்பவரை அடித்து நிறுத்திவிட்டு வந்து படுக்கிறான். தெருவில் குடித்துவிட்டுக் கத்தியவனை அடக்கிய நல்ல குடிமகனின் திருப்தி அவனுக்கு. அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் படத்தின் விஷமம். யாரையும் அவன் வெறுப்பதில்லை. பிறருக்கும் ஓர் உலகம் இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றுவதில்லை, அதனால்தான் அந்த மாடிப்படியில் அத்தனை சாதாரணமாக ஏறுகிறான்.

தாத்தா அந்தக் காட்சியில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் படத்தை நிறுத்திவிட்டுச் சொம்பில் கொண்டுவந்தேன். குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே ஊரச் சுத்தி வளைச்சிடணும். அதுக்கப்புறம்னா ஆம்பளைங்க எழுந்து ஓடிடுவாங்க."

நான் எதுவும் கேட்கவில்லை. "போடு போடு, அப்புறம் இன்னா ஆவுது" என்றார். போட்டேன்.

ரியோ படத்தை மூன்று நாள் கழித்துப் பார்த்தோம். கதை 1967இல். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, யூபேருக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை. பிரேசிலில் ஒளிந்திருக்கும் நாஜி ஒருவனிடம் ஒரு மைக்ரோஃபிலிம் இருக்கிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நாஜிகளுக்கு ஒத்துழைத்த பிரெஞ்சுக்காரர்களின் பெயர்ப் பட்டியல். பணம் கொடுத்து அதை வாங்கி வர வேண்டும். பட்டியலா, ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும் என்கிறான் யூபேர். நாடே எதிர்த்துப் போராடியது என்று ஜெனரல் த கோல் சொன்னதை அவன் அப்படியே நம்புகிறான். மேலதிகாரி பதில் சொல்லாமல் பார்க்கும் பார்வைதான் இரண்டாம் படத்தின் கொத்தி காட்சி.

வடிவத்தில் பார்த்தால் இரண்டாம் பாகம் சறுக்குகிறது, ஒளிக்க வேண்டியதில்லை. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது, அறுபதுகளின் ஜூம், பிரேசிலியாவின் கான்கிரீட், எல்லாம் கண்ணுக்கு விருந்து. முதலையை நெருப்பில் சுட்டுத் தின்னும் இடம், ஆஸ்பத்திரியில் ஊன்றுகோலும் சொட்டு மருந்துமாக நத்தை வேகத்தில் துரத்தும் இடம், இவற்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஆனால் ஹிப்பிகளோடு கழியும் நடுப்பகுதி இழுவை. கடைசியில் கிறிஸ்து சிலை மேல் ஹிட்ச்காக்குக்கு வணக்கம் வைக்கிறார்கள், அழகாக இருக்கிறது, அதோடு சரி. முதல் படத்தில் முட்டாள்தனம் காட்சியிலிருந்து முளைத்தது. இதில் பல இடங்களில் யூபேர் ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே காட்சி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மொசாட் அதிகாரி டோலோரஸ் (லூயிஸ் மோனோ) அதிர்ந்து பார்ப்பதும் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப. லார்மினா அவனை அளந்தாள், ஏமாற்றினாள், அவளுக்கென்று கணக்கு இருந்தது. டோலோரஸுக்குத் திருத்தும் வேலை மட்டும்தான்.

ஆனாலும் ஒரு வசனப் பரிமாற்றம் உண்டு. அதற்கு ஈடாக முதல் படத்தில் எதுவும் இல்லை. பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி, 1964 சதியிலிருந்து. சர்வாதிகாரம் என்று யூபேருக்கு விளக்க முயல்கிறாள் டோலோரஸ். முழு அதிகாரமும் கொண்ட ஒரு ராணுவத் தலைவர், ஒரு ரகசியப் போலீஸ், ஒரே ஒரு டிவி சேனல், செய்தி முழுக்க அரசின் கையில், இப்படிப்பட்ட நாட்டை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்கிறாள். பிரான்ஸ் என்று சொல்வேன் என்கிறான் யூபேர். பெருமையோடு.

(சின்னப் பிழை: 1967இல் பிரான்சில் டிவி சேனல் இரண்டு. இரண்டாவது 1964இலேயே வந்துவிட்டது. இரண்டும் அரசுடையவை என்பதால் டோலோரஸ் சொல்வது பொய்யாகிவிடாது.)

வழக்கமாக விமர்சகர்கள் இரண்டாம் படத்தைத்தான் துணிச்சலானது என்பார்கள். யூதர், நாஜி, ஒத்துழைப்பு என்று எதையெல்லாம் தொடக்கூடாதோ அதையெல்லாம் தொடுகிறது என்பது வாதம். ஹசனாவிசியூஸே கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்ப வழியில் வந்தவர் என்பதும் அந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2009இல் அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பிரெஞ்சு ஊர் ஒன்றின் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி மார்செல் ஒஃபுல்ஸ் எடுத்த ஆவணப்படத்தை பிரெஞ்சு டிவி 1981 வரை காட்டவில்லை, உண்மைதான். ஆனால் 1995 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஷிராக், யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசின் பொறுப்பைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டுவிட்டார். அல்ஜீரியக் கதவு அப்படித் திறக்கவில்லை. அங்கே நடந்ததைப் 'போர்' என்று சட்டப்படி சொல்லவே 1999 ஆயிற்று. அதுவரை அரசு ஆவணங்களில் அது 'நடவடிக்கைகள்'தான். சித்திரவதை ஒரு அமைப்பாகவே நடந்தது என்று ஒரு குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2018 ஆயிற்று. ஆக அல்ஜீரியா என்ற பெயரை மையத்தில் வைக்காமலேயே அதைச் சுற்றிச் சுற்றி வரும் கெய்ரோ படம்தான் ஆறாத புண்ணில் கை வைத்தது.

ஆனால் இரண்டு படங்களையும் தனித்தனிப் புண்ணாகப் பிரிப்பதும் தப்பு. மொரீஸ் பாப்போன் என்று ஒரு அதிகாரி இருந்தார். ஆக்கிரமிப்பின்போது போர்தோ நகர நிர்வாகத்தில் இருந்தார். அங்கிருந்து யூதர்கள் சுமார் 1,600 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். 1956 முதல் 1958 வரை கிழக்கு அல்ஜீரியாவில், கான்ஸ்டன்டைனில், உயர் அதிகாரி. 1958இல் பாரிஸ் போலீஸ் தலைவர். 1961 அக்டோபர் 17 இரவு ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களை அவருடைய போலீஸ் அடித்துக் கொன்றது. உடல்கள் சேன் நதியில் மிதந்தன. 1967 ஜனவரியில்தான் அந்தப் பதவியை விட்டார், யூபேர் ரியோவுக்கு விமானம் ஏறும் அதே வருடம். பிறகு அமைச்சரும் ஆனார். 1981இல் ஒரு பத்திரிகை ஆவணங்களை வெளியிட்டது. 1998இல் தண்டனை, போர்தோ ரயில்களுக்காக மட்டும். அந்த மைக்ரோஃபிலிம் திரைக்கதைக் கற்பனைதான். அதில் இருந்திருக்க வேண்டியவர் கற்பனை இல்லை. கொத்தியின் புகைப்படம் நீட்டப்பட்ட உலகத்தையும் மைக்ரோஃபிலிமின் உலகத்தையும் ஒரே கை நிர்வகித்திருக்கிறது.

பிரேசிலும் சும்மா அழகுக்கு வைத்த பின்னணி இல்லை. ட்ரெப்ளிங்கா முகாமின் தளபதியாக இருந்த ஃப்ரான்ஸ் ஷ்டாங்கல் சாவோ பாலோவில் பிடிபட்டது 1967 பிப்ரவரியில். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தப் பெயரிலேயே வாழ்ந்திருக்கிறார். மெங்கலே பிடிபடாமலேயே 1979இல் பிரேசில் கடலில் இறந்தார். படம் தொடாத இன்னொன்றும் உண்டு. அல்ஜீரியாவில் சித்திரவதை செய்ததைப் பிற்காலத்தில் தானே எழுதி ஒப்புக்கொண்ட ஜெனரல் போல் ஒசாரெஸ், எழுபதுகளில் பிரேசிலில் பிரெஞ்சு ராணுவப் பிரதிநிதி. அல்ஜீரியாவில் கற்றதை அங்கே கற்றுக்கொடுத்தார். டோலோரஸின் கேள்விக்கு யூபேர் சொன்ன பதில் எத்தனை நிஜம் என்பது யூபேருக்கே தெரியாது.

எனக்கு இந்தப் படங்களோடு ஒரு சண்டையும் உண்டு. பகடி நாயகனை எத்தனை முட்டாளாகக் காட்டினாலும், துஜார்தானின் அந்தச் சிரிப்பைக் காட்டினால் ஜனம் அவனை நேசிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு படங்களையும் தலா இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சில் தியேட்டரில் பார்த்தார்கள். வசனங்கள் வாய்மொழியாகிவிட்டன. கல்யாண வீட்டில், அலுவலகத்தில், யாரோ ஒருவர் யூபேர் குரலில் அரபுக்காரர் பற்றியோ யூதர் பற்றியோ ஒன்றை எடுத்துவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். யாரைப் பார்த்து? முதல் படத்தில் அந்த எகிப்தியரின் வெறும் முகம் நமக்குப் பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாம் படத்தில் அந்த முகங்கள் குறைந்து, வசனம் மட்டும் மிஞ்சுகிறது. வசனத்தைத் தனியாகப் பெயர்த்தெடுத்தால் அது பழைய சீரியஸ் நாவலின் வசனமேதான். முதல் படமே மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

ரியோ படம் முடிந்ததும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. மணி ஒன்பதரை இருக்கும். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம். த கோல் பட்டியல் பற்றிச் சொன்னதையும் அதற்கு மேலதிகாரியின் முகத்தையும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தாத்தாவைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினேன்.

"அந்த மாதிரி அல்ஜெரிக்கும் ஒரு லிஸ்ட் இருந்தா என் பேரு அதுல இருக்குமான்னுதான நெனைக்கிற?"

"இல்ல தாத்தா."

"எங்க பேரெல்லாம் எவன் எழுதி வெப்பான்? பென்ஷன் லிஸ்ட்ல இருக்கு, அதோட சரி."

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகவும் சொல்லவில்லை. 1962இல், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் பேரில் அவர் ஒருவர். அல்ஜீரியா விடுதலை பெற்ற ஜூலைக்கும் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவான ஆகஸ்ட் 16க்கும் நடுவில் ஒன்றரை மாதம்கூட இல்லை. அந்தக் கோடையில் அவர் எங்கே இருந்தார், என்ன நினைத்துக் கையெழுத்துப் போட்டார் என்று நான் அன்றும் கேட்கவில்லை. வரலாறு படித்தவள் என்று பெயர்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தாத்தா கோழிக் காட்சியை மட்டும் போடச் சொல்வார். விளக்கைப் போட்டால் கத்தும், அணைத்தால் நிற்கும். மூன்று தடவை, நாலு தடவை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். பாங்குக் காட்சி வருவதற்கு முன்பே "போதும் பாப்பா" என்பார்.